இரு வீட்டுக்கும் ஒரு பெயர்: எதை எந்த இடத்தில் வைப்பது?

"எனக்குத் தாய்மொழி தமிழ். கணவர் வேறு நாட்டுக்காரர். மொழியும் மதமும் வேறு. குழந்தை பிறக்க இன்னும் இரண்டு மாதம்தான். இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். இரு பக்கமும் பொருந்துகிற ஒரு பெயரை எப்படித் தேடுவது? யார் மனதும் நோகாமல் இதை முடிக்க வழி உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கணவருக்கு எந்த மொழி என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் பல மொழிகளிலிருந்தும் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில்: யார் மனதும் நோகாமல் முடியாது. யாருக்காவது கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்யும். அந்த வருத்தம் எப்போதும் ஒரே பக்கத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பாஸ்போர்ட் நகல் மாதிரியான காகிதங்களை மொழிபெயர்ப்பது என் தொழில். கலப்பு மணக் குடும்பங்களின் காகிதங்கள் நிறையவே கைக்கு வரும். பெயர் வைக்கும் நேரத்தில் வீட்டில் நடக்கும் வாக்குவாதமெல்லாம் பெயரின் பொருளைப் பற்றியும், அது எந்தப் பக்கத்துப் பெயர் என்பதைப் பற்றியும்தான் இருக்கும். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து காகிதத்தோடு அலையும்போது வருகிற தொல்லை வேறு. ஒரு சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், இன்னொன்றில் வேறு. ஒரு நாட்டில் குடும்பப்பெயராக இருப்பது மறுநாட்டில் சொந்தப் பெயராகப் பதிவாகியிருக்கும். அதனால் என் பதில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

ஒரே சொல் இரண்டு வம்சத்தையும் தாங்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதலில் விட்டுவிடுங்கள். ஒருவர் பெயரில் பல இடங்கள் இருக்கின்றன: தினமும் கூப்பிடும் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர், வீட்டுக்குள் மட்டும் புழங்கும் செல்லப்பெயர், சடங்கில் சொல்லும் பெயர். எந்தப் பக்கத்தை எந்த இடத்தில் வைப்பது என்று யோசித்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். 'என் பெயரா, உன் பெயரா' என்று ஒரே இடத்துக்கு இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போதுதான் அது சண்டையாகிறது.

கமலா ஹாரிஸின் தாய் தமிழர், தந்தை ஜமைக்காவில் பிறந்தவர். குடும்பப்பெயர் தந்தை வழி. கமலா, மாயா என்று மகள்கள் இருவருக்கும் அழைக்கும் பெயர் இந்திய மரபிலிருந்து. டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகாவின் வீட்டில் வேறு ஏற்பாடு. தந்தை ஹைட்டி நாட்டவர், தாய் ஜப்பானியர். ஜப்பானில் வாழ்ந்த காலத்தில் அங்கே நடைமுறைக்கு வசதி என்று குழந்தைகளுக்குத் தாயின் குடும்பப்பெயரைக் கொடுத்தார்கள். நவோமி என்பதோ விவிலியத்திலும் உண்டு, ஜப்பானியப் பெண்களுக்கும் வைப்பார்கள். ஆங் சான் சூ கீயின் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள்: ஆங் சான் தந்தையின் பெயர், சூ பாட்டியிடமிருந்து, கீ தாயின் பெயரிலிருந்து. பர்மியப் பெயர் முறையில் குடும்பப்பெயர் என்பதே கிடையாது. அதனால் அப்படிக் கோக்க முடிந்தது.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் பிடித்துக்கொண்ட கணக்கு ஒன்று உண்டு. குடும்பப்பெயர் ஒரு பக்கம் போனால், அழைக்கும் பெயரைத் தேர்வதில் மறுபக்கத்துக்கே முதல் உரிமை. பல வீடுகளில் குடும்பப்பெயர் அப்பா வழி என்பது பேச்சே இல்லாமல் முடிந்துவிடும். அதன் பிறகு அழைக்கும் பெயரில் 'ஆளுக்குப் பாதி' என்று நியாயம் பேசுவார்கள். அது பாதி இல்லை, முக்கால். உங்கள் பேச்சுவார்த்தையைக் குடும்பப்பெயரிலிருந்து தொடங்குங்கள்.

அதில் சட்டம் எவ்வளவு தூரம் விடும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப்பெயர், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. எது முன்னால் என்பதைப் பெற்றோரே முடிவுசெய்யலாம். இத்தாலியில் தந்தையின் பெயர் தானாகவே ஒட்டிக்கொள்ளும் பழைய விதியை 2022-ல் அரசமைப்பு நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஜெர்மனியில் பெற்றோர் இருவரின் பெயரையும் சேர்த்து இரட்டைக் குடும்பப்பெயராகக் குழந்தைக்கு வைக்க 2025 மே 1 முதல்தான் வழி வந்தது. ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே இல்லை. அப்பா அல்லது அம்மாவின் பெயரோடு மகன், மகள் என்று பொருள்படும் விகுதி சேரும். இரு நாட்டுச் சட்டமும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பிய நீதிமன்றம் 2003-ல் தீர்த்த கார்சியா அவெல்லோ வழக்கைச் சொல்லலாம். தந்தை ஸ்பானியர், தாய் பெல்ஜியக்காரர், குழந்தைகளுக்கு இரு குடியுரிமையும் உண்டு. பெல்ஜியப் பதிவேட்டில் தந்தையின் இரண்டு குடும்பப்பெயரும் அப்படியே குழந்தைகளுக்கு ஏறியது. ஸ்பானிய முறைப்படி ஆளுக்கொன்றாக, கார்சியா வெபர் என்று மாற்றித்தரக் கேட்டார்கள். பெல்ஜியம் மறுத்தது. இரு நாட்டில் இரு பெயரோடு அலைய வைப்பது சரியில்லை என்று நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது, சரி. ஆனால் ஒரு பெயருக்காக அந்த நீதிமன்றம் இருக்கும் லக்சம்பர்க் வரை போக எல்லோராலும் முடியுமா?

தமிழ்ப் பெற்றோருக்கு இதில் கூடுதலாக ஒரு முடிச்சு. நம்மில் பலருக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டிருப்போம். இப்போது உங்கள் குழந்தைக்கு 'அம்மா வழிக் குடும்பப்பெயர்' என்று கொடுத்தால் அது உண்மையில் உங்கள் அப்பாவின் சொந்தப் பெயர். அதில் தவறொன்றும் இல்லை, நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர் அந்தத் தலைமுறையிலிருந்து நிலையாகிவிடும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். வெளியூர்க்காரர்கள் இதில் குழம்புவது இயல்பு. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தை உலகமே செல்லமாக 'விஷி' என்கிறது. ஆனந்த்தான் அவர் பெயர்; விஸ்வநாதன் அவருடைய அப்பா.

ஒற்றைப் பெயர் மட்டும் வைத்து, குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடும் யோசனையும் சில வீடுகளில் வரும். நான் வேண்டாம் என்பேன். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரரின் பெயர் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இடத்தில் 'பெயர் தெரியாது' என்பதற்கான மூன்றெழுத்துச் சுருக்கம் உட்காரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர அனுமதியில்லை என்று அறிவித்தது. ஒற்றைப் பெயர் சர்வசாதாரணமாக இருந்த இந்தோனேசியாவே 2022-ல், இனிப் பதியும் பெயரில் குறைந்தது இரண்டு சொல் வேண்டும் என்று விதி கொண்டுவந்துவிட்டது.

இனி அழைக்கும் பெயருக்கு வருவோம். இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள்.

இரு மொழியிலும் ஏற்கெனவே இருக்கும் பெயர்கள் நிறைய உண்டு. தாரா இந்தியாவிலும் இருக்கிறது, அயர்லாந்திலும் இருக்கிறது. மீரா ஸ்லாவிய மொழிகளிலும் பெண்பெயர். மாயா எங்கே போனாலும் யாராவது ஒருத்திக்கு இருக்கும். மிலன் செக், செர்பிய ஆண்களுக்குச் சாதாரணப் பெயர். இந்தியிலும் அந்தச் சொல் உண்டு. யூதம், கிறித்தவம், இஸ்லாம் ஆகியவற்றில் இரண்டு உங்கள் வீட்டில் சந்திக்கிறது என்றால் வேலை இன்னும் எளிது: மரியம், மரியா, மேரி, யூசுப், யோசேப்பு, ஜோசப், இப்ராஹிம், ஆபிரகாம், சாரா எல்லோருக்கும் சாராதான். ஒரே பெயராக இல்லாமல் பக்கத்துப் பக்கத்துப் பெயராக இருந்தாலும் போதும். லீலா - லைலா, அருண் - ஆரன் மாதிரி.

ஆனால் இப்படிப்பட்ட 'பாலப் பெயர்'களின் மேல் எனக்கு முழு மயக்கம் கிடையாது. இரண்டு பக்கமும் புரியும் என்பதற்காக மட்டும் தேர்ந்த பெயர், சில சமயம் இரண்டு பக்கத்துக்கும் யாருடையதோ மாதிரி ஒலிக்கும். எல்லோரும் இதே வழியில் தேடுவதால் ஒரே பத்துப் பதினைந்து பெயர்களில்தான் வந்து நிற்பார்கள். உங்களுக்கு மீரா உண்மையிலேயே பிடித்திருந்தால் வையுங்கள். பிடித்த பெயரை விட்டுவிட்டு, சமரசத்துக்காக மட்டும் அதில் போய் நிற்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு முழுக்கச் சொந்தமாக இருந்து, மறுபக்கத்து வாயில் சுலபமாக நுழைகிற பெயர் கிடைத்தால் அதுவே நல்லது.

வாயில் நுழைவது என்பதில்தான் கவனம் வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதினால் உலகம் முழுக்க ஒரே மாதிரி வாசிப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம். ஆங்கிலத்தின் ஜே எழுத்தை ஜெர்மானியர் 'ய' என்று வாசிப்பார்கள். ஸ்பானியர் தொண்டையிலிருந்து ஒரு 'ஹ' போடுவார்கள். ஜயா என்ற பெண் ஒரு நாட்டில் யாயா, இன்னொரு நாட்டில் ஹாயா. பிரெஞ்சுக்காரர் ஹரிணியில் ஹகரத்தை விழுங்கி அரினி ஆக்குவார்கள். வங்காளியர் வாயில் விவேக் பிபேக் ஆகும். ஜப்பானியருக்கு லகரமும் ரகரமும் ஒன்றுதான். லீலா ரீரா ஆகிவிடுவாள். நம் ழகரம் இருக்கிறதே, அதைக் கேட்கவே வேண்டாம். யாழினியை ஆங்கிலத்தில் எழுதி வெளிநாட்டு ஆசிரியையிடம் கொடுங்கள், யாசினி என்றோ யாஜினி என்றோதான் திரும்பி வரும். தகரத்துக்கு நாம் போடும் 'டி-எச்' ஜோடியை ஆங்கிலேயர் நாக்கைப் பல்லுக்கு நடுவே நீட்டித்தான் வாசிப்பார்கள். கீதா அவர்களுக்கு வேறு யாரோ.

இதற்காகத் தமிழ் ஒலி உள்ள பெயரே கூடாது என்று சொல்ல வரவில்லை. யாழினி அழகான பெயர். வெளியில் எப்படி வாசிப்பார்கள் என்று தெரிந்தே வைத்தால் பின்னால் ஏமாற்றம் இருக்காது. ஸ்பெல்லிங்கை நம் வழக்கப்படி எழுதாமல், குழந்தை வளரப்போகும் ஊரின் கண்ணுக்கு ஏற்ப எழுதினாலே பாதிப் பெயர்கள் பிழைத்துக்கொள்ளும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பட்டியலில் மிஞ்சிய நாலைந்து பெயர்களை இரண்டு பக்கத்துப் பாட்டி தாத்தாவிடமும் இரண்டு முறை கொண்டு போங்கள். முதல் முறை எழுதிக் காட்டாமல், நீங்கள் சொல்லி, அவர்களைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். இன்னொரு நாள் நீங்கள் எதுவும் சொல்லாமல், எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஒலி வந்தால் அந்தப் பெயர் தேறியது. இதைப் போனில் பேசும்போது செய்வது இன்னும் நல்லது. வாழ்நாளில் பாதி நேரம் பெயரைப் போனில்தான் சொல்லப் போகிறோம். அடுத்த அறையிலிருந்து உரக்கக் கூப்பிட்டும் பார்க்கச் சொல்லுங்கள். காகிதத்தில் அழகாக இருக்கும் சில பெயர்கள் கூப்பிடும்போது காற்றில் கரைந்துவிடும்.

அப்போதே இன்னொன்றும் தெரிந்துவிடும். ஐரோப்பா முழுக்கப் புழங்கும் அன்னா என்ற பெண்பெயரை உங்கள் அம்மா வாயில் போட்டுப் பாருங்கள். "அண்ணா, இங்கே வா" என்று பேத்தியைக் கூப்பிடுவார். ஆனி என்றால் அண்ணி ஆகிவிடும். ஃபின்லாந்திலும் அரபு நாடுகளிலும் சாதாரணமாக இருக்கும் சாமி என்ற ஆண்பெயர் நம் வீட்டில் வந்து கன்னத்தில் போட்டுக்கொள்ள வைக்கும். நம் மோனா ஸ்பானியத்தில் பெண் குரங்கு. இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிப்பு குடும்பத்துக்குள் என்றால் ஒன்றுமில்லை. பள்ளியில் சக பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கொடுக்கும் ஒலியாக இருந்தால் மட்டும் அந்தப் பெயரைக் கைவிடுங்கள். அதைக் கண்டுபிடிக்க அகராதி உதவாது. அந்த மொழியில் பள்ளிக்குப் போகிற பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனிடம் கேளுங்கள். அவனுக்குத் தெரியாத கெட்ட வார்த்தை இருக்காது.

ஆணா பெண்ணா என்பதும் எல்லை தாண்டினால் மாறும். நிகிதா நமக்குப் பெண்; ரஷ்யாவில் ஆண், சோவியத் தலைவராக இருந்த குருஷேவின் பெயரே நிகிதாதான். ஆந்திரேயா இத்தாலியில் ஆண், ஜெர்மனியில் பெண். சீக்கியப் பெயர்களில் பெரும்பாலும் இருபாலுக்கும் ஒரே பெயர், சிங், கௌர் என்பதுதான் வேறுபடுத்தும். சில நாட்டு அலுவலகங்கள் இதில் கறாராக இருந்திருக்கின்றன. ஜெர்மனியில் ஒரு பெண்குழந்தைக்குக் கிரண் என்று மட்டும் பெயர் வைக்க விடாமல், பால் தெளிவாகும்படி இன்னொரு பெயரும் சேர்க்கச் சொன்ன வழக்கு அரசமைப்பு நீதிமன்றம் வரை போனது. பெயரே பாலைக் காட்டவேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை என்று 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கிரண் கிரணாகவே இருக்கலாம் என்றார்கள்.

பெரியவர்கள் பெயரை வைப்பது அடுத்த தலைவலி. இதில் மரபுகள் ஒன்றுக்கொன்று நேர் எதிராகக்கூட இருக்கும். கிரேக்க வீடுகளில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது மரியாதை, வைக்காவிட்டால்தான் கோபம். சீன மரபில் மூத்தவர் பெயரைச் சின்னவருக்கு வைப்பது அவமரியாதை. யூதர்களிலேயே அஷ்கெனாசி வழியினர் உயிரோடிருக்கும் உறவினர் பெயரை வைக்க மாட்டார்கள். செபார்டி வழியினர் உயிரோடிருக்கும் தாத்தா பாட்டி பெயரை மகிழ்ச்சியாக வைப்பார்கள். ஆக, 'உங்கள் அப்பாவைக் கௌரவிக்கத்தானே அவர் பெயரைச் சொன்னேன்' என்று நீங்கள் சொல்ல, மறுபக்கம் முகம் கறுக்கலாம். பட்டியல் போடும் முன் கணவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: உங்கள் வீட்டில் முன்னோர் பெயரை வைப்பார்களா, வைத்தால் உயிரோடிருப்பவர் பெயரா, இறந்தவர் பெயரா?

இரண்டு வழக்கமும் ஒத்துவராதபோது அஷ்கெனாசிக் குடும்பங்கள் பலர் செய்வதைச் செய்யலாம்: முன்னோரின் பெயரை அப்படியே எடுக்காமல் முதல் எழுத்தை மட்டும் எடுத்து, அதில் புதுப்பெயர் தேடுவது. நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்த்துப் பெயர் வைக்கும் வீட்டுக்கும் இது பழகிய வேலைதான். ஆனால் எழுத்து, எண், நேரம் என்று ஒரு பக்கம் நிபந்தனை வைத்தால், மறுபக்கமும் வைக்கும். ஜப்பானிய வீடுகளில் பெயர் எழுத்தின் கோடுகளை எண்ணிப் பலன் பார்ப்பவர்கள் உண்டு. கானாவின் அக்கான் மக்களிடம் பிறந்த கிழமைக்கே பெயர் உண்டு, ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமை பிறந்ததால் கோஃபி. எல்லா நிபந்தனையையும் அழைக்கும் பெயரிலேயே நிறைவேற்றப் பார்த்தால் எந்தப் பெயரும் மிஞ்சாது. சடங்குக்கு ஒரு பெயர் தனியாக வைத்துவிட்டு, சான்றிதழில் வேறு பெயரோ, அதையே நடுப்பெயராகவோ போடுவது நாகரிகமான ஏற்பாடு. வங்காள வீடுகளில் காலங்காலமாக ஊருக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று இரண்டு வைத்துக்கொண்டு யாரும் குழம்பவில்லை.

நடுப்பெயர் என்றதும் எல்லாவற்றையும் அங்கே கொட்டிவிடத் தோன்றும். அதற்கும் ஓர் அளவு உண்டு, அதைப் பாஸ்போர்ட் சொல்லிவிடும். புகைப்படப் பக்கத்தின் அடியில் இயந்திரம் வாசிக்க இரண்டு வரி இருக்கும்; வரிக்கு 44 இடம். முதல் வரியில் ஆவண வகைக்கும் நாட்டுக் குறியீட்டுக்கும் போக, பெயருக்குக் கிடைப்பது 39. குடும்பப்பெயருக்கும் சொந்தப் பெயருக்கும் நடுவே இரண்டு இடம் நிரப்புக்குறிக்குப் போய்விடும். கார்த்திகேயன் பாலசுப்ரமணியம்-ஃபிட்ஸ்ஜெரால்ட் என்று ஒரு பிள்ளை என்று வையுங்கள். ஆங்கில எழுத்தில் பாலசுப்ரமணியம் 15, நடுக்கோட்டுக்கு 1, ஃபிட்ஸ்ஜெரால்ட் 10, நிரப்பு 2, கார்த்திகேயன் 11. கூட்டினால் மிகச்சரியாக 39. தாத்தா பெயரை நடுப்பெயராகச் சேர்க்க ஒரே ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை. சேர்த்தால் அந்த வரியில் பெயர் வெட்டுப்படும். அப்புறம் விமான டிக்கெட்டில் ஒரு மாதிரி, விசாவில் ஒரு மாதிரி என்று தொடங்கும்.

அந்த வரியில் பெயருக்கு ஆங்கிலத்தின் 26 எழுத்துகளையும் நிரப்புக்குறியையும் தவிர வேறு எதுவும் ஏறாது. மேலே புள்ளி வைத்த ஜெர்மானிய 'ü' அங்கே 'யு-இ' என்று இரண்டெழுத்தாக மாறிவிடும். கலிபோர்னியாவில் நெடுங்காலம் பிறப்புச் சான்றிதழிலேயே எழுத்துக்கு மேல் குறி எதுவும் போட விடவில்லை. பிரான்சில் பிரெட்டன் மொழிப் பெயர் ஒன்றில் 'ñ' மேலே இருந்த சின்ன அலைக்கோட்டை அதிகாரிகள் மறுக்க, வழக்கு நடந்து 2018-ல்தான் ரென் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை அனுமதித்தது. ஜப்பானியக் குடும்பப் பதிவேட்டில் அனுமதிக்கப்பட்ட எழுத்துகளில் மட்டுமே பெயரை எழுத முடியும். நடுப்பெயருக்கென்று தனிக் கட்டமும் இல்லை, சொந்தப் பெயரோடு ஒட்டித்தான் எழுத வேண்டும். ஐஸ்லாந்தில் 1991 முதல் பெயர்க் குழு ஒன்று இருக்கிறது. பட்டியலில் இல்லாத புதுப்பெயர் அவர்கள் மொழி இலக்கணத்துக்கு ஒத்துவருமா என்று அது பார்க்கும். குழந்தைக்கு இரண்டு குடியுரிமை வரப்போகிறது என்றால் இரு நாட்டு விதியையும் பெயரை முடிவுசெய்யும் முன்பே பார்த்துவிடுங்கள். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி பதிவாக வாய்ப்புள்ள பெயரை மட்டும் இறுதிப் பட்டியலில் வையுங்கள். 'இவரும் அவரும் ஒருவரே' என்று பிரமாணப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வேலைச் சந்தையைப் பற்றியும் பலர் கவலைப்படுவார்கள். கவலையில் உண்மை இருக்கிறது. சிகாகோ, பாஸ்டன் நகரங்களில் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயரில் அனுப்பிப் பார்த்து 2004-ல் வெளியான ஆய்வில், வெள்ளையர் பெயருக்குக் கறுப்பினத்தவர் பெயரைவிட ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. கனடாவின் டொராண்டோவில் நடந்த ஆய்விலும் ஆங்கிலப் பெயர்களுக்குச் சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களைவிட அழைப்பு தெளிவாகவே அதிகம். ஆனாலும் யாரோ ஒரு மேலாளரின் பாரபட்சத்துக்காக இருபத்தைந்து வருடம் முன்னாலேயே குழந்தையின் பெயரை மழித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. இரு பக்கத்துப் பெயரும் சான்றிதழில் எங்காவது இருந்தால் பிள்ளையே வளர்ந்து எதை முன்னால் வைப்பது என்று முடிவுசெய்துகொள்ளும். ஒபாமா சிறுவயதில் 'பாரி' என்றுதான் அழைக்கப்பட்டார். கல்லூரிக் காலத்தில் பராக் என்ற முழுப்பெயருக்கு அவராகவே திரும்பினார்.

'முதல் குழந்தைக்கு உன் பக்கம், இரண்டாவதற்கு என் பக்கம்' என்று பேசி முடிப்பவர்களும் உண்டு. வேண்டாம். இரண்டாவது பிறக்காமல் போகலாம். பிறந்தாலும், ஒரே வீட்டில் ஒருத்தி இந்தப் பக்கம், ஒருவன் அந்தப் பக்கம் என்று பெயரிலேயே பிரித்த மாதிரி ஆகும். முதல் குழந்தைக்குப் போட்ட அமைப்பையே இரண்டாவதற்கும் போட முடிகிறதா என்று இப்போதே ஒருமுறை யோசித்துவிடுங்கள்.

உறவினர் விஷயம். கருத்துக் கேளுங்கள், ஓட்டுக் கேட்காதீர்கள். நீங்களும் கணவரும் மட்டும் உட்கார்ந்து ஆளுக்குப் பத்துப் பெயர் எழுதுங்கள். மற்றவர் பட்டியலில் பிடிக்காததைக் காரணம் சொல்லாமலே அடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால்தான் அது குடும்ப கௌரவமாகிவிடும். மிஞ்சியதைப் பெரியவர்களிடம் உச்சரிப்புக்காக மட்டும் கொண்டு போங்கள், 'எது பிடித்திருக்கிறது' என்று கேட்காதீர்கள். உங்கள் வீட்டாரிடம் நீங்கள் பேசுங்கள், அவர் வீட்டாரிடம் அவர் பேசட்டும். மருமகனோ மருமகளோ போய் மறுப்புச் சொன்னால் அது வேறு மாதிரி விழும். இறுதிப் பெயரைக் குழந்தை பிறந்த பிறகே வெளியில் சொல்லுங்கள். வயிற்றில் இருக்கும்போது சொன்னால் ஆளாளுக்குத் திருத்தம் சொல்வார்கள்; குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

அதற்காக ரொம்பவும் தள்ளிப்போட முடியாது. பிரான்சில் பிறப்பைப் பதிய 5 நாள்தான் தருகிறார்கள், ஜெர்மனியில் ஒரு வாரம், ஜப்பானில் 14 நாள், இங்கிலாந்தில் 42 நாள். இந்தியாவில் பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயரை அப்புறம் சேர்க்கலாம்; 12 மாதம் வரை கட்டணமில்லை, அதற்கு மேல் கட்டணத்தோடு 15 வருடம் வரை. குழந்தை எந்த நாட்டில் பிறக்கிறதோ அந்த நாட்டுக் கெடுவுக்குள் ஸ்பெல்லிங் உட்பட முடிவாகியிருக்க வேண்டும்.

பதியப் போகும்போது பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். சொந்தப் பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் என்று தனித்தனி வரியாக. வாயால் சொல்லி எழுத வைக்காதீர்கள். கையெழுத்துப் போடும் முன் எந்தக் கட்டத்தில் எது இருக்கிறது என்று இருவரும் தனித்தனியாகப் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே, அப்போதே திருத்தச் சொல்லுங்கள். மறுநாட்டுத் தூதரகத்தில் பதியும்போதும் அதே தாள்தான், அதே ஸ்பெல்லிங்தான்.